பயோஸ்பியர் 2, அரிசோனா: ஒரு ஏசி இன்ஜினியரின் விமர்சனம்

செவ்வாய்க் கிரகத்தில் வீடு கட்டுவது பற்றி ஆளாளுக்குப் படம் வரைகிறார்கள். சிவப்பு மண்ணில் வரிசையாகக் கண்ணாடிக் குமிழிகள், உள்ளே பச்சைப் பசேலென்று செடிகள், ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு ஒரு பெண். நான் மருத்துவமனைகளுக்கும் தூசி புகாத கிளீன் ரூம்களுக்கும் ஏசி டிசைன் செய்கிறவள். காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கணக்குப் போட்டே பிழைப்பு ஓடுகிறது. அதனால் அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் கேள்வி, காற்றை இழுத்துக் குளிரவைத்துத் தள்ளும் ஏர் ஹேண்ட்லரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான். அதை மட்டும் யாரும் வரைவதில்லை.

படம் வரைவதோடு நிற்காமல், அப்படி ஒரு வீட்டை நிஜமாகவே கட்டி, எட்டுப் பேரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திய இடம் ஒன்று இருக்கிறது. அரிசோனாவில், டூசான் நகருக்கு வடக்கே, ஆரக்கிள் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள பயோஸ்பியர் 2. இப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம். டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். நான் முன்பே பார்த்திருக்கிறேன். இந்த முறை ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும், ராக்கெட் பைத்தியம் பிடித்த மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் விவசாயம் பார்ப்பவர். அவர் வந்ததால் இந்த விமர்சனத்தில் பாதி அவருடையது.

பீனிக்ஸ் பக்கமிருந்து போகிறவர்கள் ஃப்ளோரன்ஸ் வழியாக 79ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். வழியெல்லாம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் சாகுவாரோக் கள்ளிகள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது.

பெயரில் ஏன் 2 என்று மகன் கேட்டான். முதலாவது பூமி. அந்தத் தன்னம்பிக்கை கட்டடத்திலும் தெரிகிறது. 3.14 ஏக்கர் பரப்பு, 91 அடி உயரம் வரை போகும் வெள்ளை எஃகுச் சட்டகம், ஆயிரக்கணக்கான கண்ணாடிகள். 1987இல் ஆரம்பித்து 1991இல் முடித்தார்கள். யோசனை ஜான் ஆலனுடையது. பணம் டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்து எட் பாஸுடையது. உள்ளே ஒரு மழைக்காடு, ஒரு குட்டிக் கடல், சதுப்புநிலம், புல்வெளி, பாலைவனம், ஒரு பண்ணை, மனிதர்கள் தங்க ஒரு பகுதி. வேற்றுக் கிரகத்தில் மனிதன் பிழைக்க வேண்டுமானால் பூமியின் சுழற்சிகளையே சின்ன அளவில் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போனார்கள். சரியாக இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தார்கள்.

சுற்றிப் பார்ப்பதற்குச் செல்பேசியில் ஒரு செயலி இருக்கிறது. நின்ற இடத்துக்கேற்ப விளக்கம் சொல்லும், ஆங்கிலத்தில். ஹெட்போன் எடுத்துப் போங்கள். நான் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி தூரத்தில் அவருக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தானே பார்த்து, தானே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் சமையலறை. எந்த மாடர்ன் அபார்ட்மென்ட்டிலும் இருக்கிற மாதிரி சாதாரணமாகத்தான் இருக்கிறது. அங்கே என்ன சமைத்தார்கள் என்பதுதான் கதை. சாப்பாட்டில் 83 சதவீதம் உள்ளேயே விளைந்தது. மீதியை முன்பே சேமித்து வைத்திருந்த இருப்பிலிருந்தும் விதைத் தானியத்திலிருந்தும் சமாளித்தார்கள். பண்ணை 2,500 சதுர மீட்டர். அப்பாவுக்காகக் கணக்குப் போட்டேன்: 62 சென்ட்.

"எட்டுப் பேருக்கு 62 சென்ட்டா கண்ணு? ஆட்டுக்குத் தீவனம்?"

"அதுலயேதாங்கப்பா. ஆடு, கோழி, பன்னி எல்லாத்துக்கும் அதுலயேதான்."

"அப்ப மொதல்ல பன்னியத்தான் வெட்டியிருப்பாங்க."

அதுவேதான் நடந்தது. பன்றி, மனிதன் தின்பதையே தின்னும், தீவனத்துக்குப் போட்டி. ஆடு அப்படியில்லை, மனிதன் தொடாத தழையைத் தின்று பால் கொடுக்கும். ஆப்பிரிக்கக் குள்ள ஆடுகள் வைத்திருந்தார்கள், அவை கடைசி வரை நின்றன. நெல் வயலில் தண்ணீர் கட்டி, அதில் திலாப்பியா மீன் விட்டு, மேலே அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியை வளர்த்தார்கள். அசோலா என்றதும் அப்பா முகம் மலர்ந்தது. ஊரில் அவரே மாட்டுக்குத் தொட்டி கட்டி வளர்க்கிறார். பயறு வகையில் அவரைக்கொட்டை முக்கியமாக இருந்தது. உருளைக்கிழங்கைச் சிலந்திப்பேன் அழித்துவிட்டதால் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பீட்ரூட்டும்தான் தட்டை நிரப்பின. கிழங்கைத் தின்று தின்று சிலருக்குத் தோலே ஆரஞ்சு நிறத்துக்கு மாறியதாம். ரசாயன மருந்து அடிக்க முடியாது. அடித்தால் அது மறுநாள் குடிக்கிற தண்ணீரிலும் சுவாசிக்கிற காற்றிலும் இருக்கும்.

அந்தக் குழுவின் டாக்டர் ராய் வால்ஃபோர்டு, கலோரியைக் குறைத்தால் ஆயுள் கூடுமா என்று எலிகளை வைத்து ஆராய்ந்தவர். ஆண்களுக்கு எடை சராசரியாக 18 சதவீதம் குறைந்தது, பெண்களுக்கு 10. கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எல்லாம் இறங்கின என்று அவர் பின்னால் எழுதினார். மருத்துவக் கோணத்தில் வெற்றி. பசி என்னவோ பசிதான். உள்ளே இருந்த ஜேன் பாய்ன்டர், ஒரு பீட்சா செய்ய நான்கு மாதம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். கோதுமை விதைப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆட்டுப்பால் சேர்த்துச் சீஸ் செய்ய வேண்டும். டெலிவரி ஆப்பில் அரைமணி தாமதமானால் கத்துகிற என் மகனிடம் இதைச் சொன்னேன். பதில் இல்லை.

இன்னொன்று, நம்மவர்களுக்குப் பிடிக்கும்: உள்ளே டாய்லெட் பேப்பர் கிடையாது. தண்ணீர்தான். வேற்றுக் கிரகத்துக்கு நாம் கொஞ்சம் தயாராகவே இருக்கிறோம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

கதவைச் சாத்தியபோது உள்ளே ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. 16 மாதத்தில் சுமார் 14 சதவீதம். எங்கள் தொழிலில் 19.5க்குக் கீழே போனாலே ஆபத்தான இடம் என்று பலகை வைத்து ஆளை உள்ளே விடமாட்டோம். இவர்கள் 14இல் மண்வெட்டி பிடித்தார்கள். சுமார் 4,000 மீட்டர் மலை மேல் நின்று வயல் வேலை செய்வதற்குச் சமம். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நீண்ட வாக்கியத்தைப் பேசி முடிக்க நடுவில் நின்று மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. இரவில் தூக்கம் கெட்டது. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். பத்திரிகைகள் அன்றே தோல்வி என்று எழுதி முடித்துவிட்டன.

எனக்கு அந்தத் தோல்வியைவிட அதற்கான காரணம் சுவாரசியம். ஆக்சிஜன் குறைந்தால், அதற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்க வேண்டும். ஏறியதுதான்; குளிர்காலத்தில் 4,000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) தாண்டியது. நான் ஒரு அலுவலகத்துக்கு 1,000க்கு மேல் போகவிடமாட்டேன். ஆனால் காணாமல் போன ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் 4,000 பிபிஎம் என்பது அரை சதவீதம்கூட இல்லை. கிட்டத்தட்ட ஏழு சதவீதம் ஆக்சிஜன் எங்கே போனது? கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் பிரோக்கரும் அவருடைய மாணவர் ஜெஃப் செவரிங்ஹாஸும் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளந்து கண்டுபிடித்தார்கள். பண்ணை மண்ணில் கரிமச் சத்து மிக அதிகம். அதைத் தின்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக் கார்பன் டை ஆக்சைடை விட்டன. அந்தக் கார்பன் டை ஆக்சைடைச் சுவரிலும் தூணிலும் இருந்த கான்கிரீட் உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டது. ஆக்சிஜன் அதோடு போய்ச் சுவரில் அடைந்துகொண்டது. அந்தக் கார்பன் டை ஆக்சைடு செடிக்குப் போயிருந்தால் ஆக்சிஜன் திரும்ப வந்திருக்கும்.

கான்கிரீட் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும் என்பது எந்தச் சிவில் இன்ஜினியருக்கும் தெரியும். வெளியே அது கம்பி துருப்பிடிக்கிற பிரச்சினையாக மட்டும் வரும், பல வருடம் கழித்து. மூடிய பெட்டிக்குள் அதுவே எட்டுப் பேர் மூச்சைப் பிடித்தது. கான்கிரீட்டுக்குப் பூச்சு அடிக்காமல் விட்டதுதான் இந்த வீட்டின் மிகப்பெரிய டிசைன் குறை என்று நான் சொல்வேன். ஒரு பெயின்ட் வேலை.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கான்கிரீட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. மண்ணிலேயே நின்றார். "மக்காத எருவ மொத்தமாக் கொட்டுனா மண்ணு கொதிக்குங்கண்ணு. பயிரே கருகிப் போகும். அது தெரியாமயா போட்டாங்க?" என்றார். தெரிந்துதான் போட்டார்கள், பல வருடம் எரு வெளியிலிருந்து வராது என்பதால் வளமான மண்ணோடு ஆரம்பிக்க நினைத்தார்கள். ஆனால் அவர் சொல்கிற கொதிப்பும், இந்த ஆக்சிஜன் இறக்கமும் ஒரே ஆட்கள் செய்கிற வேலை. எருவைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள். திறந்த வயலில் காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் ஆக்சிஜன் பக்கத்து விஷயம் யார் கண்ணிலும் படுவதில்லை.

மூடிய வீட்டில் எல்லாமே இப்படி வேகமாக நடக்கும். பூமியின் காற்றுமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் தங்கும். இங்கே சில நாள்தான். மேட்டூர் அணைக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் உள்ள வித்தியாசம் இது. தொட்டியில் ஒரு குழாயை மூட மறந்தால் சாயங்காலத்துக்குள் காலி. வெயில் உள்ள நாளில் செடிகள் காற்றிலிருந்து இழுப்பதும், இரவில் விடுவதுமாக, ஒரே நாளுக்குள் கார்பன் டை ஆக்சைடு அளவு 600 பிபிஎம் வரை ஏறி இறங்கியிருக்கிறது. மேகமூட்டம் என்றால் அது வானிலைச் செய்தி இல்லை, காற்றுக்கான பட்ஜெட். இரண்டு வருடத்திலும், பசிபிக் கடல் சூடாகி வானிலையை மாற்றும் எல் நினோவால் மேகம் அதிகமாக இருந்தது; போதாததற்குக் கண்ணாடியும் எஃகும் சேர்ந்து வெளி வெளிச்சத்தில் பாதியைத் தடுத்துவிட்டன. விளைச்சல் குறைந்ததற்கு அதுவும் காரணம்.

இப்போது கீழ்த்தளம். டெக்னோஸ்பியர் என்று பெயர். மேலே மழைக்காட்டுப் பக்கம் கேமராவும் கையுமாக நின்றவர்கள் இங்கே வந்ததும் நடையைக் கட்டினார்கள். நான் இங்கேதான் நின்றேன். காடு, கடல் எல்லாவற்றுக்கும் அடியில் ஏர் ஹேண்ட்லர்களும், குளிர்நீர், சுடுநீர்க் குழாய்களும், பம்புகளும் ஓடுகின்றன. செவ்வாய் வீட்டுப் படங்களில் யாரும் வரையாத பாகம் இதுதான். மழைக்காட்டின் ஈரக் காற்று கீழே வந்து குளிர்ந்த சுருளில் பட்டு நீராகச் சொட்டும். அந்த நீரைத்தான் எட்டுப் பேரும் குடித்தார்கள். கழிவுநீர் நீர்ச்செடிகள் வளர்த்த தொட்டிகள் வழியாகப் போய்ச் சுத்தமாகி வயலுக்குப் பாய்ந்தது. மேலே இருந்த காட்டின் 'இயற்கை' முழுக்க இந்தக் கீழ்த்தளத்தின் மோட்டார் ஓடுகிற வரைக்கும்தான்.

மோட்டார் எதில் ஓடியது? வெளியே தனியாக ஒரு எனர்ஜி சென்டர், இயற்கை எரிவாயுவில். பொருள் உள்ளே சுற்றும், ஆற்றல் வெளியிலிருந்து வரும் என்பதுதான் ஒப்பந்தம். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் செவ்வாயில் எரிவாயுக் குழாய் வராது. அங்கே சூரிய வெளிச்சம் பூமியில் விழுவதில் 43 சதவீதம்தான். புழுதிப்புயல் வந்தால் அதுவும் போச்சு. செவ்வாயில் ஓடிய நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் 2018இல் அப்படித்தான் அடங்கியது. ஏசி இன்ஜினியராக என் கணக்கில், வேற்றுக் கிரக வீட்டில் முதலில் டிசைன் செய்ய வேண்டியது மின்சாரம். காட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கீழ்த்தளத்திலிருந்து ஒரு நீண்ட சுரங்கம் வழியாக நடந்தால் 'நுரையீரல்' வரும். இந்த இடத்தை மட்டும் பார்க்கக் காசு கொடுத்திருந்தாலும் எனக்குச் சம்மதமே. பெரிய வட்டமான அறை. நடுவில் பல டன் எடையுள்ள அலுமினியத் தட்டு, அதன் விளிம்பிலிருந்து சுவர் வரை கறுப்பு ரப்பர் விரிப்பு. தட்டு அந்த விரிப்போடு காற்றின் மேல் மிதக்கும். பகலில் வெயில் ஏறி உள்காற்று விரிந்தால் தட்டு மேலே போகும். இரவில் குளிர்ந்தால் இறங்கும்.

எதற்கு இத்தனை பாடு என்றால், கணக்கு எளிது. மூடிய பெட்டியில் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறும். அந்த இடம் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கும் உயரத்தில் அது ஒவ்வொரு சதுர மீட்டர் கண்ணாடியிலும் சுமார் 300 கிலோ தள்ளுவதற்குச் சமம். கண்ணாடி தெறித்துவிடும், அல்லது சந்துகளில் காற்று கசிந்துவிடும். தட்டு அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. கூடவே தட்டின் எடை உள்காற்றை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருப்பதால், கசிந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. விளைவு: வருடத்துக்கு 10 சதவீதத்துக்கும் குறைவான கசிவு. சாதாரண அமெரிக்க வீட்டில் இருக்கிற காற்று ஒரே நாளில் பல தடவை முழுதாக மாறிவிடும். 1991இல் இவ்வளவு பெரிய கட்டடத்தில் இதைச் சாதித்தவர்களுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். ஆக்சிஜன் காணாமல் போனதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கே இந்த இறுக்கம்தான் காரணம். ஓட்டை வீடாக இருந்திருந்தால் வெளிக்காற்று சத்தமில்லாமல் சரிக்கட்டியிருக்கும்.

நுரையீரலிலிருந்து வெளியேறும் கதவைத் திறக்கும்போது காற்று நம்மைத் தள்ளும். தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகனுக்கு மொத்தச் சுற்றுலாவிலும் பிடித்த கணம் அதுதான்.

ஆனால் இந்தக் கண்ணாடி வீட்டை அப்படியே தூக்கிச் செவ்வாயில் வைக்க முடியாது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. உள்ளே நமக்குப் பழகிய அழுத்தத்தை வைத்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையையும் பத்து டன் மேலே தள்ளும். கூரை விழாமல் தாங்குவது நம் ஊர்ப் பிரச்சினை. அங்கே கூரை பறக்காமல் பிடித்து வைக்க வேண்டும். போதாததற்குக் கதிர்வீச்சு. பருமனான மண்ணுக்கு அடியில் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். குமிழிக்குள் ஜன்னலோரக் காபிக்கு அங்கே இடமில்லை. காபி என்றதும் ஞாபகம் வருகிறது: பயோஸ்பியருக்குள் காபிச் செடி இருந்தும், ஆளுக்கு ஒரு கோப்பை குடிக்கவே வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆக்சிஜனுக்கு இப்போது வேறு வழிகள் வந்திருக்கின்றன. பெர்சிவரன்ஸ் ரோவரில் போன மாக்ஸி என்ற கருவி, 2021 முதல் 2023 வரை செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 840 கிராம் வேண்டும். ஆக, அந்த உச்ச வேகத்திலேயே நிற்காமல் ஓடினாலும் ஆளுக்கு மூன்று மாக்ஸி. பரவாயில்லை, மழைக்காட்டைத் தூக்கிப் போவதைவிட இது லேசு. தண்ணீரிலும் சர்வதேச விண்வெளி நிலையம் 98 சதவீத மறுசுழற்சியை எட்டிவிட்டது. சாப்பாடு மட்டும் இன்னும் பூமியிலிருந்து பாக்கெட்டில்தான் போகிறது. அதனால்தான் அந்த 62 சென்ட் இன்றைக்கும் முக்கியம்.

அந்தப் பண்ணை இப்போது இல்லை. நெல்லும் வாழையும் இருந்த இடத்தில் மூன்று கறுப்புச் சரிவுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 30 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், முழுக்க அரைத்த எரிமலைப் பாறை. லியோ என்று பெயர். மேலிருந்து செயற்கை மழை பெய்விப்பார்கள். 1,800க்கும் மேற்பட்ட சென்சார்கள் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, பாறைத்தூளில் என்ன மாறுகிறது என்று பதிவு செய்யும். ஒவ்வொரு சரிவும் எடை மேடையில் நிற்கிறது. மழையில் எத்தனை எடை கூடியது, காய்ந்தபோது எத்தனை குறைந்தது என்று தெரியும்.

"இதென்ன கண்ணு, ஒரு புல்லுகூட இல்லையே?" என்றார் அப்பா. வேண்டுமென்றே அப்படி ஆரம்பித்தார்கள் என்றேன். உயிரே இல்லாத பாறைத்தூள் எப்படி மண்ணாகிறது என்று முதல் நாளிலிருந்து பார்ப்பதற்கு. போகப் போகப் பாசியும் நுண்ணுயிர்களும் தலைகாட்டின. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். தண்ணி நின்னா அடியில் உப்பு ஏறுமா, சரிவு அரிக்குமா என்று வரிசையாகக் கேள்விகள். அங்கே இருந்த ஒரு தன்னார்வலரிடம் கேட்டேன்; அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார், நான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

செவ்வாயின் தரையும் இதே வகை எரிமலைப் பாறைதான். கூடுதலாக பெர்குளோரேட் என்ற விஷ உப்பு வேறு. 2008இல் அதை அங்கே முதலில் கண்டது ஃபீனிக்ஸ் விண்கலம். அந்தத் திட்டத்தை நடத்தியதும் இதே அரிசோனா பல்கலைக்கழகம். மேலே போய் அந்தத் தரையில் விதை போட நினைக்கிறவர்களுக்கு, மழைக்காட்டைவிட இந்த மொட்டைச் சரிவு ஆயிரம் மடங்கு உபயோகம். முதல் குழு வளமான மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். அங்கே லாரி இல்லை.

மனிதர்கள் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எட்டுப் பேரும் நாலு நாலு பேராகப் பிரிந்து, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ஆனாலும் வேலையை யாரும் விடவில்லை. 1994இல் ஏழு பேரோடு இரண்டாவது குழு போனது, ஆறு மாதத்தில் முடிந்தது. நடுவில் வெளியே நிர்வாகச் சண்டை. முதல் குழுவைச் சேர்ந்த இருவர் வந்து கதவைத் திறந்துவிட்ட கூத்தும் நடந்தது. இதையெல்லாம் மீறி இரண்டாவது குழு தன் சாப்பாட்டை முழுதாகத் தானே விளைவித்துக்கொண்டது. சண்டை மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, இந்த விஷயம் யாருக்கும் ஞாபகம் இல்லை. உள்ளே கொண்டுபோன பூச்சிகளில் மகரந்தம் சேர்ப்பவை எல்லாம் செத்துப்போயின. அழைக்காமல் வந்த எறும்பும் கரப்பானும் செழித்தன. இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை, எந்தச் சமையலறையிலும் இதுதான் நிலைமை.

வெளியே வந்து சற்று நடந்தால் சாம் இருக்கிறது. நிலவு, செவ்வாய் வாழ்க்கைக்கான ஒத்திகைக் கூடு. பெரிய கட்டடத்துக்கு முன்னோடியாக 1987இல் கட்டிய சோதனை அறையை, கை ஸ்டாட்ஸ் தலைமையில் ஒரு குழு பழுதுபார்த்து, காற்று வெளியேறாமல் ஆள் போய்வர இரட்டைக் கதவுள்ள ஏர்லாக் வைத்து, அழுத்தம் ஏற்றி, காற்றுப் புகாத குடியிருப்பாக மாற்றியிருக்கிறது. 2023 முதல் சிறு குழுக்கள் உள்ளே தங்கிப் பார்க்கின்றன. காடு இல்லை, கடல் இல்லை. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் இயந்திரம், மண்ணில்லாமல் வளர்க்கும் செடிகள், பழைய குட்டி நுரையீரல். பக்கத்தில் செவ்வாய்த் தரை மாதிரி ஒரு முற்றம். இயந்திரம் எவ்வளவு வேலையைச் செய்ய வேண்டும், செடி எவ்வளவு செய்யலாம், எப்போது ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு மாறலாம் என்று படிப்படியாகப் பார்க்கிறார்கள். ஒரே நாளில் மொத்த உலகத்தையும் மூடிவைத்த அந்தக் காலத்து வேகத்தைவிட இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. மகனுக்கு ஏமாற்றம். "இவ்ளோ சின்னதாம்மா?" என்றான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு கன மீட்டருக்கும் கூலி கொடுத்துத்தான் ராக்கெட்டில் ஏற்ற வேண்டும் என்று சொன்னேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மே முதல் செப்டம்பர் வரை வெயில் கொளுத்தும்; போவதானால் குளிர்மாதங்கள், இல்லையென்றால் காலையில் திறந்தவுடன். மழைக்காட்டுப் பகுதியில் புழுக்கம், பாலைவனப் பகுதியில் வறட்சி. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு லென்ஸில் ஆவி படிந்து மறைக்கும். படிகள் நிறைய. முட்டி வலி, சக்கர நாற்காலி என்றால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, நின்று நின்று நடந்ததில் சிரமமில்லை. சாப்பாடு நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம், வண்டியருகே நிழலில் சாப்பிட்டோம். அரை நாள் ஒதுக்குங்கள். நேரம் குறைவு என்றால் கடலையும் புல்வெளியையும் வேகமாகக் கடந்துவிட்டு, மிச்சம் பிடித்த நேரத்தைக் கீழ்த்தளத்திலும் நுரையீரலிலும் லியோவிலும் செலவழியுங்கள். சாமில் குழு உள்ளே இருக்கிற நாளா என்று முன்பே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விவசாயம் தெரிந்த யாராவது வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். செயலி சொல்லாத பாதியை அவர்கள் சொல்வார்கள்.